பதினாறாம் நாளுக்குப் போன மருமகள்: ஒரு செங்கல் காளவாசல் நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

2023ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தில் ஒரு செங்கல் காளவாசலிலிருந்து, அதாவது செங்கல் சூளையிலிருந்து, ஒரு குடும்பம் வெளியேறியது. அதைத் தொடக்கம் முதல் இன்றைய நிலைவரை இங்கே எழுதிவைக்கிறேன். குடும்பத்தையும் ஊரையும் முதலாளியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். மதுரையில் இயங்கும் ஒரு சிறு சட்ட உதவிக் குழுவில் வழக்கறிஞராக இருக்கிறேன். அந்த முறையில் இதில் எனக்குப் பங்கு இருந்தது.

கொத்தடிமை மீட்பு பற்றிய குறிப்புகளில் அதிகாரிகள் வந்தார்கள், மீட்டார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள் என்ற வரிசையே வழக்கமாக இருக்கும். இங்கே அந்த வரிசை மாறியது. குடும்பம் முதலில் வெளியே வந்தது, சான்றிதழ் பிறகு வந்தது. அப்படிச் செய்தது சரியா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. சரி என்பது என் கருத்து. மனிதன் சுதந்திரமாக இருப்பது சட்டம் அவனுக்கு வழங்கும் சலுகை அன்று. சட்டம் நன்றாக இருக்கும்போது அதை ஒப்புக்கொள்கிறது, கெட்டுப்போயிருக்கும்போது மறுக்கிறது. இரண்டு காலத்திலும் அந்த உரிமை அவனிடமே இருக்கிறது.

பின்னணி

கணவர் பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தைச் சேர்ந்தவர். தங்கையின் கல்யாணக் கடனை அடைக்க 2021 ஜனவரியில் ஒரு மேஸ்திரி மூலம் 45,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். மனைவி, மகன், மகள் ஆகியோருடன் காளவாசலுக்குக் குடிபோனார். மகனுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் கல் அறுக்கும் பருவம் தொடங்கும். மண்ணை இரவிலேயே நனைத்துப் போட்டு, விடிவதற்கு முன் குழைத்து, அச்சில் அறுத்து வரிசையாக விடுவார்கள். பச்சைக்கல் ஒருபக்கம் காய்ந்ததும் அதைத் திருப்பிப் போடுவது பிள்ளைகளின் வேலை. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வாரம் ஒருமுறை செலவுக்காசு தருவார்கள். மீதியைப் பருவ முடிவில் கணக்கு முடிக்கும்போது முன்பணத்தில் கழிப்பார்கள். காளவாசல்களில் பொதுவாக இதுதான் நடைமுறை, தன்னளவில் இதில் மோசடி எதுவும் இல்லை. கணக்கு எழுதும் சிட்டை யார் கையில் இருக்கிறது, கணக்கு முடியாமல் வெளியே போக முடியுமா என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் காளவாசலில் சிட்டை மேஸ்திரியிடம் இருந்தது. கூலி 600 ரூபாய் என்று பேசியிருந்தார்கள், எழுதியதோ 450. மேஸ்திரிக்கு ஒரு பங்கு, உடைந்த கல்லுக்குப் பிடித்தம், மழைக்காலத்தில் சாப்பாட்டுக்கு வாங்கிய கடன், மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிச் செலவு என்று போய், மூன்றாம் பருவத்தின் நடுவில் 45,000 ரூபாய் 78,500 ஆகியிருந்தது. பேசிய கூலியை அப்படியே வைத்து நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மழைக்காலக் கடனையும் சேர்த்து இரண்டாம் பருவத்திலேயே எல்லாம் தீர்ந்து, முதலாளிதான் இவர்களுக்குப் பாக்கி வைத்திருப்பதாக வந்தது.

முதல் ஆண்டு எழுதிய ஒரு 20 ரூபாய் முத்திரைத்தாள் உண்டு. முன்பணம் முழுவதும் கழியும்வரை குடும்பத்தோடு வேலை செய்வதாகவும் வேறு இடத்துக்குப் போவதில்லை என்றும் அதில் இருந்தது. கணவர் கையெழுத்துப் போட்டிருந்தார். மனைவியின் பெயருக்கு நேரே இடது கைப் பெருவிரல் வைத்த மைக்கறை. அதில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

எப்படி வெளியே தெரிந்தது

2023 ஏப்ரலில் கணவரின் தாய் இறந்தார். முதலாளியிடம் சொன்னபோது, “நீ மட்டும் போய் வா. அவர்கள் இங்கேயே இருக்கட்டும்” என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார் என்று கணவர் பிறகு எங்களிடம் விளக்கினார். கைச்செலவுக்கு 500 ரூபாயும் கொடுத்து அனுப்பினாராம். அந்த 500 ரூபாயும் சிட்டையில் ஏறியிருந்ததை நாங்கள் பின்னால் பார்த்தோம்.

ஊரில் யாரும் முன்பணத்தைப் பற்றியோ கூலியைப் பற்றியோ கேட்கவில்லை. மருமகள் எங்கே என்றுதான் கேட்டார்கள். மாமியார் இழவுக்கு மருமகள் வராமல் இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் அன்று. உறவே முறிந்துபோனாலொழிய நடக்காது. உடம்பு சரியில்லை என்றார் கணவர். பேரப்பிள்ளைகள்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. அன்று மாலை திண்ணையில் ஒரு பெரியவர் அவரைத் தனியே உட்காரவைத்து விசாரித்தபோது எல்லாம் வெளியே வந்தது.

அந்தப் பெரியவருக்கு 84 வயது. அவருடைய பேரன் எங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த வழியாகத்தான் விஷயம் எங்களுக்கு வந்தது.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, “முதலாளி கூப்பிடுகிறார்” என்றார்கள். பதினாறு முடிந்து வருகிறேன் என்றார் கணவர். மறுநாள் ஒரு காவல் நிலையத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. பணம் வாங்கி ஏமாற்றியதாகப் புகார் இருக்கிறது, பணத்தைக் கட்டு அல்லது போய் வேலை செய்து கழி என்று சொன்னார்கள்.

‘கட்டு அல்லது வேலை செய்து கழி’ என்ற அந்த வாசகத்துக்குப் பழைய வரலாறு இருக்கிறது. 1859இல் பிரிட்டிஷ் அரசு வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் சிறையில் போடலாம். 1925இல் நிறைவேறிய சட்டம் அதை நீக்கியது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன அந்தச் சட்டத்தை, அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத ஒருவர் வார்த்தை மாறாமல் தொலைபேசியில் சொன்னார்.

நேரில் பார்த்தவை

பதினாறாம் நாள் காரியத்துக்கு மருமகளை அழைக்க வந்திருக்கிறோம் என்று சொல்லி, கணவரின் தாய்மாமனோடு நாங்கள் இரண்டு பேர் காளவாசலுக்குப் போனோம். அது பொய்யும் இல்லை.

கண்மாய்க் கரையை ஒட்டிய இடம். வேலி இல்லை, வாசலில் கதவு இல்லை, பூட்டு இல்லை. சீமைக் கருவேல விறகு மலைபோல் குவிந்திருந்தது. தகரம் வேய்ந்த கொட்டகைகளில் ஏழு குடும்பங்கள் இருந்தன. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மேஸ்திரி டீ வாங்கி வரச் சொன்னார், பிறகு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். போகும்வரை எழவே இல்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. எல்லாக் குடும்பங்களின் குடும்ப அட்டையும் ஆதாரும் ‘பத்திரமாக’ முதலாளி வீட்டில் இருந்தன. சந்தைக்குக் கணவனோ மனைவியோ ஒருவர்தான் போகலாம், பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது. ஊருக்குப் போவதானாலும் அப்படியே. அடித்தார்களா என்று கேட்டதற்கு, இந்தக் குடும்பத்தை யாரும் அடித்ததில்லை என்றார் மனைவி. போன பருவத்தில் ஒருவரை அடித்ததைப் பார்த்திருக்கிறோம் என்று சேர்த்துச் சொன்னார். அப்போது மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

பேசிக்கொண்டே மனைவி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். பத்து விரல்களின் நுனியும் தேய்ந்து, கண்ணாடி போல் வழவழவென்று இருந்தன. மூன்று பருவம் ஈர மண்ணையும் மணலையும் அச்சின் விளிம்பையும் தேய்த்த விரல்கள். மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பெயர் பதியப் போனபோது கைரேகைக் கருவி மூன்று முறை சிவப்பு விளக்குக் காட்டியதாம். இயந்திரத்துக்கு இவர் இவரே இல்லை. ஆனால் அதே விரல் வைத்த மைக்கறை மட்டும் அவரைக் கட்டிப்போடும் என்று எல்லோரும் நம்பினார்கள், அவர் உட்பட.

திண்ணையில் நடந்த பேச்சு

சட்டம் எங்கள் பக்கம் இருப்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976 தெளிவாகப் பேசுகிறது. முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தையோ நாட்டில் விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ இழந்தால், அல்லது பெயரளவுக் கூலிக்கு வேலை செய்ய நேர்ந்தால், இவற்றில் ஒன்று இருந்தாலே அது கொத்தடிமை முறை. நான்காம் பிரிவின்படி அவர் ஏற்கெனவே விடுபட்டவர். ஐந்தாம் பிரிவின்படி அந்த முத்திரைத்தாள் வெறும் தாள். ஆறாம் பிரிவின்படி அந்தக் கடனே அழிந்துவிட்டது. வசூலிக்க வழக்குப் போட முடியாது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பாரம் முதலாளியுடையது.

இதையெல்லாம் கணவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி சார். ஆனால் கை நீட்டி வாங்கியிருக்கிறேனே” என்றார்.

இந்த இடத்தில்தான் எங்கள் சட்ட ஞானம் முழுவதும் நின்றுபோனது. அவர் பயத்தில் பேசவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பாமல் போவது நாணயக் கேடு என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கையில் தப்பும் இல்லை. அரசாங்கமே கடன் இல்லை என்று சொன்னால்கூட முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அவர் கவலை. கொத்தடிமை முறை சங்கிலியால் நடப்பதில்லை. ஏழையின் நாணயத்தை வைத்து நடக்கிறது.

அவருக்குப் பதில் சொன்னவர் பெரியவர்தான். தன் கதையை முதலில் சொன்னார்.

மதுரை வட்டாரத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்த காலம். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1871இல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஆண் என்றால் பத்து விரலும் பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டு 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பெண். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். ரோசாப்பூ துரை என்று அவரை இன்றும் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது.

பெரியவர் இந்த ஆண்டுக் கணக்கு எதையும் சொல்லவில்லை. ஆறு ஏழு வயதில், அந்தியானதும் அப்பாவின் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல்வரை கூடப் போவாராம். பாயைக் கொடுத்துவிட்டு இருட்டில் தனியே திரும்பி ஓடி வருவாராம். “என் அப்பா ஒரு கோழிகூடத் திருடியதில்லை. போலீஸும் தப்பாக நடக்கவில்லை, சட்டப்படிதான் நடந்தது. அப்படியானால் தப்பு யாருடையது?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கணவரைப் பார்த்து, “கை நீட்டி வாங்கியது நீ. உன் பிள்ளை எந்தக் கையை நீட்டினான்? கடனைப் பணமாகக் கட்டு, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளை எதற்காகக் கட்டுகிறாய்?” என்றார்.

கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவளிடம் கேளுங்கள்” என்றார்.

எடுத்த முடிவும் காரணமும்

எங்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஆட்சியரிடம் மனுக் கொடுத்துவிட்டு, அதிகாரிகள் காளவாசலுக்கு வரும்வரை குடும்பத்தை அங்கேயே இருக்கச் சொல்வது ஒன்று. முதலில் வெளியே வந்துவிட்டுப் பிறகு விசாரணையைச் சந்திப்பது இன்னொன்று.

எங்கள் குழுவின் மூத்த வழக்கறிஞர் முதல் வழியை வற்புறுத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சம்பவ இடத்தில் ஆளே இல்லையென்றால், ‘அவர்களே சுதந்திரமாகப் போய்விட்டார்களே, இதில் அடிமைத்தனம் எங்கே’ என்று கோட்டாட்சியர் எழுதிவிடலாம். விடுதலைச் சான்றிதழ் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகையும் இல்லை. முதலாளியின் மோசடிப் புகார் வலுப்பெறும். நடைமுறை தெரிந்தவர் வேறெப்படியும் யோசிக்க முடியாது.

நான் மறுத்ததற்குக் காரணம் வேறு. காத்திருக்கச் சொல்வதன் பொருள், சான்றிதழ் வரும்வரை நீ அடிமைதான் என்று நாங்களும் ஒப்புக்கொள்வது. நான்காம் பிரிவே அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பிரிவு எழுதப்படாத காலத்திலும் இவருக்கு எழுந்து போக உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். 1967இல் கோலக்நாத் வழக்கில் தலைமை நீதிபதி சுப்பா ராவ், அடிப்படை உரிமைகள் என்பவை காலங்காலமாக இயற்கை உரிமைகள் என்று சொல்லப்பட்டவற்றின் இன்றைய பெயர் என்றார். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1976. கொத்தடிமை ஒழிப்புக்கு முதலில் அவசரச் சட்டம் வந்தது 1975 அக்டோபரில், நெருக்கடி நிலையின் நடுவில். 1976 பிப்ரவரியில் அது சட்டமானது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் தனிமனித சுதந்திரத்துக்காக யாரும் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும், உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு கொடுத்த பரிசல்ல என்று மாறுபட்டு எழுதினார். அந்தத் தீர்ப்பை 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தள்ளியபோது கன்னா சொன்னதே நின்றது. ஒரு கையால் சூளைத் தொழிலாளியை விடுவித்த அரசு, மறு கையால் யாரை வேண்டுமானாலும் அடைப்பேன் என்றது. அரசு கொடுத்த சுதந்திரம் என்று நம்பியிருந்தால், எடுத்துக்கொள்ளும்போது என்ன சொல்லியிருப்போம்?

மதுரைக்காரர்களுக்கு வேறு உதாரணமும் தேவையில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கோயிலுக்குள் விடப்படாதிருந்த சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அவர்கள் உள்ளே போன பிறகுதான், போனதைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது.

இவ்வளவும் எங்கள் வாதம். ஆபத்தைச் சுமக்கப்போவது அந்தப் பெண். ஆகவே கணவர் சொன்னபடி அவரிடமே கேட்டோம், இரண்டு வழிகளின் கெடுதல்களையும் ஒளிக்காமல் சொல்லி. பக்கத்துக் கொட்டகைப் பெண்ணின் கைபேசியில் அவர் கொடுத்த பதில்: “பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் வருகிறேன். பகலில்தான் வருவேன். இரவில் வந்தால் ஓடிப்போனவள் ஆகிவிடுவேன்.”

அதற்குமேல் விவாதம் இல்லை. மூத்த வழக்கறிஞர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கேட்ட பாதுகாப்புகளைச் செய்தோம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினோம். குடும்பம் இன்ன நாள், இன்ன நேரம் சொந்த ஊருக்குப் புறப்படுகிறது என்று அதில் முன்கூட்டியே எழுதியிருந்தோம். ஓடிப்போகிறவர்கள் ஆட்சியருக்கு நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை.

வெளியேறிய நாள்

காலைக் கல்லை அறுத்து முடித்து, கை கால் கழுவி, இரண்டு பிள்ளைகளோடும் ஒரு துணிப்பையோடும் அவர் மேஸ்திரியிடம் போய், “மாமியார் காரியத்துக்குப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். மேஸ்திரி கைபேசியை எடுத்துப் பேசிக்கொண்டே பின்னால் வந்தார், தொடவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் நின்றிருந்தோம்.

அவர் கையில் ஒரு ரூபாய் கிடையாது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவருக்குக் கவலையில்லை. மகனுக்கு டிக்கெட் வேண்டுமே என்று பக்கத்துக் கொட்டகைப் பெண் பத்து ரூபாய் கொடுத்திருந்தாள்.

பேருந்து நகர்ந்த பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் சிறிது தூரம் தொடர்ந்து வந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. மறுநாள் பதினாறாம் நாள் காரியத்தில் மருமகள் இருந்தார்.

காவல் நிலையமும் விசாரணையும்

காவல் நிலையத்துக்குக் கணவரைத் தனியே அனுப்பாமல் நாங்களும் போனோம். தொலைபேசிப் பேச்சு வேண்டாம், எழுத்தில் அழைப்பாணை கொடுங்கள் என்று கேட்டோம். ஆட்சியருக்குக் கொடுத்த மனுவின் நகலையும் ஆறாம் பிரிவின் தமிழாக்கத்தையும் வைத்து எழுத்தில் பதில் கொடுத்தோம். ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். முதலாளியின் புகார் அதற்குப் பிறகு நகரவில்லை. எங்கள் மனுவுக்கும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது.

கோட்டாட்சியர் விசாரணை மே மாதம் காளவாசலிலேயே நடந்தது. மூத்த வழக்கறிஞர் பயந்த கேள்வியே முதலில் வந்தது. கதவும் இல்லை, பூட்டும் இல்லை, இவர்களே பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். பிறகு அடிமைத்தனம் எங்கே என்று ஓர் அலுவலர் கேட்டார். 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயம்தான் என்று சொன்னதை எடுத்துக் காட்டினோம். ஆனால் விசாரணையைத் திருப்பியது அந்தத் தீர்ப்பு அன்று. மனைவி சொன்னார்: “பூட்டு இல்லை சார். என் மாமியார் செத்ததற்கு நான் ஏன் போகவில்லை என்று அவரிடமே கேளுங்கள்.” முதலாளி, பருவ நேரத்தில் எல்லோரையும் விட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்றார். அந்த வாக்கியம் அப்படியே வாக்குமூலத்தில் ஏறியது.

மற்ற ஆறு குடும்பங்களும் சொந்த விருப்பத்தில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பத்து ரூபாய் கொடுத்த பெண்ணும் அப்படியே சொன்னாள். முதலாளியும் மேஸ்திரியும் பத்தடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

என்ன கிடைத்தது

ஜூன் முடிவில் கணவன், மனைவி, மகன் மூவருக்கும் விடுதலைச் சான்றிதழ் வந்தது. குடும்ப அட்டையையும் ஆதார் அட்டைகளையும் மேஸ்திரி மூலம் முதலாளி அனுப்பிவைத்தார். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவி ஒருவருக்கு 30,000 ரூபாய்வரை உண்டு. அதைப் பெறுவதற்கு மனைவி பட்ட பாடு தனிக் கதை. வங்கியில் கைரேகை விழவில்லை. விடுதலை பெற்றவர் இவர்தான் என்று அரசு கையெழுத்திட்ட தாளை நீட்டினாலும், இயந்திரம் ஒப்புக்கொள்ளாமல் பணம் இல்லை என்றார்கள். கடைசியில் கருவிழிப் பதிவு செய்து, பணம் ஆகஸ்டில் கைக்கு வந்தது. மண்ணைவிட்டு மூன்று மாதம் ஆனதும் விரல்களில் கோடுகள் மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தன.

ஆளுக்கேற்ப ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று திட்டத்தில் உள்ள முழுத்தொகை இன்னும் வரவில்லை. முதலாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் அது வரும் என்பது விதி. ஒருவர் கொத்தடிமையாக இருந்தார் என்று அரசே சான்று கொடுத்த பிறகும், அவருக்கு வரவேண்டிய பணத்தை இன்னொருவரின் தண்டனையோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. உதவித் தொகையிலிருந்து 5,000 ரூபாயை எடுத்து, எங்களிடம் சொல்லாமல், முதலாளியிடம் கொடுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கொடுத்திருக்கிறார் கணவர். இரண்டு நாளில் பணம் திரும்பி வந்துவிட்டது. சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்படி, அழிந்துபோன கொத்தடிமைக் கடனுக்காகப் பணம் வாங்குவதே குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. முதலாளியின் வக்கீல் தொடாதே என்று சொல்லியிருக்கிறார். எங்கள் குழுவில் சிலருக்குக் கோபம் வந்தது, இவ்வளவு பாடுபட்டு இதற்கா என்று. எனக்கு வரவில்லை. சிட்டையைப் பிடுங்கி எழுதிய கணக்குக்கு அவர் பணியவில்லை. தன் மனக்கணக்கில் இருந்ததைத் தானாக எடுத்துக் கொடுத்தார். அதில் தலையிட எங்களுக்கு என்ன உரிமை?

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மற்ற ஆறு குடும்பங்களின் வாக்குமூலம் இந்த நிகழ்வின் பெரிய ஓட்டை. தொழிலாளர்களைக் காளவாசலுக்கு வெளியே, தாலுகா அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்று முதல் மனுவிலேயே கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதலாளி எதிரில் ‘விருப்பம்’ என்று சொல்பவரின் சொல்லை அப்படியே எழுதிக்கொள்வது விசாரணை ஆகாது. அதோடு மனுவின் நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அன்றே கொடுக்க வேண்டும். அவர்களுடைய ஆள் ஒருவர் விசாரணையில் உடன் இருந்திருந்தால் நாற்காலிகள் பத்தடி தூரத்தில் இருந்திருக்காது.

தொழிலாளியிடம் பேசும்போது சட்டப் பிரிவுகளிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டோம். இப்போது கடனிலிருந்து தொடங்குகிறோம். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கல் அறுத்தீர்கள், பேசிய கூலி என்ன என்று ஒரு தாளில் அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்கிறோம். நாணயத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு அந்தக் கூட்டல் கழித்தல் எந்தப் பிரிவையும்விட வேகமாகப் புரிகிறது. பூட்டு இல்லாத இடங்களில் எந்தச் சாவுக்கு, எந்தச் சடங்குக்குப் போக முடியாமல் போனது என்று கேட்பதையும் வழக்கமாக்கியிருக்கிறோம்.

வெளியேறுவதா, காத்திருப்பதா என்பதில் பொது விதி எதுவும் நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. பிள்ளைகளோடு நடந்து போகக்கூடிய தூரத்தில் பேருந்து நிறுத்தம் இல்லாத காளவாசல்களும் இருக்கின்றன.

இன்றைய நிலை

முதலாளி மீதான வழக்கு சாட்சி விசாரணைக் கட்டத்தில் இருக்கிறது. மகன் இரண்டு வகுப்பு பின்தங்கிப் பள்ளியில் சேர்ந்தான். 2024 பருவத்தில் கணவனும் மனைவியும் வேறொரு காளவாசலுக்கு வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பெரியவர் வீட்டில் விட்டுவிட்டு. இந்த முறை முன்பணம் 10,000 ரூபாய். தாள் எதிலும் விரல் வைக்க மனைவி மறுத்துவிட்டார்; சிட்டையை அவரே எழுதினார். பருவம் முடிவதற்கு முன் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் ஊருக்கு வந்து, நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பழைய காளவாசலிலிருந்து சென்ற ஆண்டு இன்னொரு மனு வந்திருக்கிறது. கொடுத்தவர் பக்கத்துக் கொட்டகைப் பெண். விசாரணையைத் தாலுகா அலுவலகத்தில் நடத்தக் கேட்டிருக்கிறோம். தேதி இன்னும் குறிக்கவில்லை.